சொல் தெரிகிறது, வாக்கியம் புரியவில்லை

கேள்வி:

"நான் கனடாவில் வளர்ந்தவள், பெற்றோர் யாழ்ப்பாணம். இப்போது சீனாவில், ஹூனான் மாகாணத்துச் சாங்ஷா நகரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாக எடுக்காத இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள், வகுப்புக்கு ஐம்பது பேருக்கு மேல். டிசம்பரில் சி.இ.டி-4 என்ற, கல்லூரி மாணவர்களுக்கான தேசிய ஆங்கிலத் தேர்வை எழுத வேண்டும். ஆயிரக்கணக்கில் சொற்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். பழைய வினாத்தாள்களை அடுக்கடுக்காகச் செய்து தள்ளுகிறார்கள். ஆனாலும் வாசிப்புப் பகுதியில் மதிப்பெண் ஏறுவதாயில்லை, நேரமும் போதவில்லை. இன்னும் சொற்கள் கொடுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு மாதிரித் தேர்வு வையுங்கள் என்கிறார் துறைத் தலைவர். பிள்ளைகளோ 'லாவ்ஷி (ஆசிரியரே), ஏதாவது உத்தி சொல்லுங்கோ' என்று நிற்கிறார்கள். கேள்வி கேட்டால் வகுப்பில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்குச் சீன மொழியும் அரைகுறை. எங்கிருந்து தொடங்குவது?"

– ஒரு வாசகி, சாங்ஷா

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

சொல் மனப்பாடம் செய்கிறார்கள், வினாத்தாள் செய்கிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் எதையாவது வாசிக்கிறார்களா என்பது மட்டும் உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. உங்கள் மேல் குறை இல்லை. நான் வூஹானில் கற்பித்த காலத்திலும் இதே நிலைதான். பல வருடம் ஆங்கிலம் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளில், ஒரு சின்னக் கதைப் புத்தகத்தையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஆங்கிலத்தில் வாசித்தவர்கள் அபூர்வம். அவர்களுக்குப் பழக்கமானது விடை தேடுவது. வாசிப்பது வேறு வேலை.

அதனால் துறைத் தலைவர் சொல்வதையும் மாணவர் கேட்பதையும் ஒரு வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு, கோளாறு எங்கே என்று முதலில் பாருங்கள். பழைய தாள்களிலிருந்து ஏறத்தாழ ஒரே கடினமுள்ள இரண்டு பாசேஜ்களை எடுங்கள், ஒவ்வொன்றும் முந்நூறு சொல் அளவில், ஐந்து கேள்வியோடு. ஒன்றை வழக்கம்போலக் கடிகாரம் வைத்துக் கொடுங்கள். மற்றதில் கடினமான சொற்களுக்கெல்லாம் சீனப் பொருளை ஓரத்தில் எழுதி, நேரக் கட்டுப்பாடே இல்லாமல் கொடுங்கள். சொல்லும் நேரமும்தான் குறை என்றால் இரண்டாவதில் மதிப்பெண் மளமளவென்று ஏற வேண்டும். அப்படி ஏறியவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு வேகப் பயிற்சி போதும். சொற்பொருள் கையில் இருந்தும், நேரம் தாராளமாக இருந்தும் அதே இடத்தில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே திகைப்பாக இருக்கும். அவர்களுக்குப் பிரச்சினை வாக்கியத்தில்.

ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். 'தி ஃபார்மர்ஸ் பெய்ட் டு பிளான்ட் ட்ரீஸ் செட் நத்திங்.' எட்டே சொல். எட்டும் பள்ளிக்கூடத்திலேயே படித்தவை. இதைப் பலகையில் எழுதிப் போட்டு, சீனத்தில் எழுதச் சொல்லுங்கள். 'விவசாயிகள் மரம் நடுவதற்குப் பணம் கொடுத்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை' என்கிற மாதிரி கத்தையாக வந்து விழும். மரம் நடுவதற்காகப் பணம் வாங்கிக்கொண்ட விவசாயிகள் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் உண்மையான பொருள். பணம் வாங்கியவரைக் கொடுத்தவராக்கிவிட்டார்கள். இனி அந்தப் பாசேஜில் யார் யாருக்கு என்ன செய்தார் என்று எந்தக் கேள்வி வந்தாலும் விடை தப்பும். இதற்கு மேலும் ஆயிரம் சொல் கொடுத்து என்ன பயன்?

இது ஏன் நடக்கிறது என்பது உங்களுக்கு மற்ற வெளிநாட்டு ஆசிரியர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும், வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர் என்பதால். 'மரம் நடக் கூலி வாங்கிய விவசாயிகள்' என்கிறோம். பெயருக்கு முன்னால் அதன் விளக்கம் முழுவதும் வந்துவிடுகிறது. சீனத்திலும் அப்படித்தான். விளக்கத்தை எல்லாம் முதலில் சொல்லி, 'த' என்ற ஒரு சின்ன ஒட்டைப் போட்டு, அப்புறம்தான் விவசாயி வருவார். ஆங்கிலத்தில் விவசாயி முதலில் வந்துவிடுவார், விளக்கம் பின்னால் தொங்கும். சில சமயம் 'ஹூ' என்றோ 'தட்' என்றோ ஒரு அடையாளம்கூட இருக்காது.

தமிழ்ப் பிள்ளைகளைவிடச் சீனப் பிள்ளைகள் இதில் அதிகம் வழுக்கி விழுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. மற்றபடி சீன வாக்கியத்தின் வரிசை ஆங்கிலம் போலவே இருக்கும்: எழுவாய், வினை, செயப்படுபொருள். அதனால் முதல் பெயர்ச்சொல்லைத் தொடர்ந்து கண்ணில் படும் முதல் வினையைப் பிடித்து, இதுதான் பயனிலை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சீன வினைச்சொல் காலத்துக்கும் செயப்பாட்டுக்கும் உருமாறாது என்பதால், ஆங்கில வினையின் வால் பகுதியைக் கவனிக்கும் பழக்கமும் அவர்களுக்கு இருப்பதில்லை. நம் பிள்ளைகளுக்குச் சொல்வரிசையே வேறு என்பதால், ஆங்கில வாக்கியத்தைக் கண்டதுமே ஒரு சந்தேகம் தட்டும். அவர்களுக்கு அது தட்டாது.

ஆகவே ஒவ்வொரு வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை ஐந்து வாக்கியங்களுக்கு ஒதுக்குங்கள். பழைய தாள்களில் வந்த நீளமான வாக்கியங்களாகவே எடுங்கள். வினை போலத் தெரியும் சொற்களையெல்லாம் முதலில் கோடிடட்டும். அவற்றில் வாக்கியத்தைத் தாங்கி நிற்கும் ஒன்று எது என்று கண்டுபிடிக்கட்டும். சீனப் பள்ளிகளில் 'ஜு, வெய், பின்' என்று எழுவாய், பயனிலை, செயப்படுபொருளைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த மூன்று சொல்லை நீங்கள் வாயில் போட்டுக்கொண்டால் போதும், இலக்கண விரிவுரை தேவையில்லை. 'வெய் எது?' என்று கேளுங்கள், அவ்வளவுதான். மீதியை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டு, எலும்புக்கூட்டை மட்டும் சீனத்தில் சொல்லட்டும். இரண்டு மூன்று வாரத்தில் பென்சில் இல்லாமலே கண் அந்த வேலையைச் செய்ய ஆரம்பிக்கும்.

இதிலும் ஒரு எல்லை வேண்டும். தடுக்கி விழவைத்த வாக்கியத்தை மட்டும் பிரியுங்கள், பாசேஜ் முழுவதையும் பிரிக்காதீர்கள். சீனக் கல்லூரிகளில் 'ஜிங்து', 'ஃபான்து' என்று இரண்டு மரபுகள் உண்டு. ஒரு பாடத்தை வாரக்கணக்கில் வரிவரியாக அலசுவது ஜிங்து. நிறைய, வேகமாக, பொருளுக்காக வாசிப்பது ஃபான்து. பல இடங்களில் ஜிங்து நேரத்தையெல்லாம் விழுங்கிவிட்டு, ஃபான்து கால அட்டவணையில் பெயரளவில் கிடக்கும். நீங்களும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட வேண்டாம்.

அடுத்தது வினாத்தாள். வரிசையாகத் தாள் செய்து தள்ளுவதற்கு மாணவர் மத்தியில் 'ஷுவாதி' என்று பெயர். தினமும் எடை மெஷினில் ஏறி நின்றால் உடம்பு இளைக்காது, இதுவும் அந்த மாதிரிதான். விடையைச் சரிபார்த்து, இருபதுக்குப் பதினொன்று என்று குறித்துவிட்டு அடுத்த தாளை எடுப்பவர், அந்த ஒன்பது தவறுகளையும் பத்திரமாக அடுத்த தாளுக்குக் கொண்டுபோகிறார்.

தாளுக்குப் பஞ்சமில்லை. சி.இ.டி-4 1987-இல் தொடங்கிய தேர்வு, இப்போது ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. ஒரே அமர்வில் ஒன்றுக்கு மேற்பட்ட தாள்கள் புழங்குகின்றன. வாசிப்புப் பகுதியின் இன்றைய வடிவம் 2013 டிசம்பரில் வந்தது, அதற்கு முந்தைய தாள்களைத் தொட வேண்டாம். பதிப்பகங்கள் தாங்களே தயாரித்து விற்கும் மாதிரித் தாள்களான 'மோநிதி'யும் வேண்டாம். அவற்றில் ஏமாற்றுவதற்காகச் சேர்க்கும் தவறான விடைகள் பெரும்பாலும் அவசரத்தில் செய்தவையாக இருக்கும். அவற்றோடு பழகினால், உண்மைத் தாளில் வரும் நுணுக்கமான பொறிகளைப் பார்க்கும் கண் மழுங்கிவிடும். உண்மையான பழைய தாள், அதாவது 'ஜென்தி', ஆறு ஏழு இருந்தால் ஒரு பருவத்துக்குத் தாராளம். அதிலும் மிகச் சமீபத்திய இரண்டைக் கடைசி மாதத்துக்குப் பூட்டி வையுங்கள்.

ஒரு தாளை எப்படிக் கறப்பது என்பதுதான் விஷயம். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் எந்த வரியை வைத்து அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று வரி எண்ணை எழுத வேண்டும். மற்ற மூன்றையும் ஏன் தள்ளினேன் என்று ஒவ்வொன்றுக்கும் அரை வரி எழுத வேண்டும், சீனத்திலேயே எழுதட்டும். விடை சரியாக இருந்து சான்று தப்பாக இருந்தால் மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். கொஞ்சம் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

நானே எழுதிய ஒரு சிறு மாதிரியைத் தருகிறேன். ஒரு நகரம் வயதானவர்களுக்குப் பேருந்தை இலவசமாக்கியது. பயணிகள் எண்ணிக்கை கூடியது. ஆனால் புதிதாக ஏறியவர்களில் பெரும்பாலோர் அதுவரை அந்தத் தூரத்தை நடந்தே கடந்தவர்கள். இவ்வளவுதான் பாசேஜ். திட்டத்தைப் பற்றிக் கட்டுரையாளர் என்ன சொல்கிறார் என்பது கேள்வி. சாலையில் கார்கள் குறைந்தன என்பது முதல் விடை. நடந்து போனவர்களைப் பேருந்தில் ஏற்றியது என்பது இரண்டாவது. முதியோர் எல்லோரும் வரவேற்றார்கள் என்பது மூன்றாவது. நகராட்சிக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது நான்காவது.

வகுப்பில் பெரிய கூட்டம் முதல் விடைக்குப் போகும். இலவசப் பேருந்து விட்டால் கார் குறையும் என்பது ஊர் உலகத்தில் நியாயமாகப்படுகிறதே! பாசேஜில் கார் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனிப்பதில்லை. இரண்டாவதுதான் சரியான விடை, ஆனால் கேட்பதற்கே விசித்திரமாக இருப்பதால் அதன் பக்கம் போக மாட்டார்கள். நல்ல மாணவர்கள் சிலர் நான்காவதைப் பிடிப்பார்கள். 'ஆனால்' என்ற சொல் வந்ததும் ஏதோ குறை சொல்லப்போகிறார் என்று மோப்பம் பிடித்தது வரை சரி, எந்தக் குறை என்று நின்று பார்க்காமல் செலவைத் தாமே சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவதில் 'எல்லோரும்' என்ற ஒரு சொல்லே அதைக் கவிழ்த்துவிடும்.

இப்படி ஒரே கேள்வியில் மூன்று வகைத் தவறுகள் கிடைக்கின்றன: நமக்கு நியாயமாகத் தோன்றுவதைத் தேர்ந்தெடுப்பது, தொனியைப் பிடித்துவிட்டுப் பொருளைக் கோட்டைவிடுவது, அளவு மீறிய சொல்லைக் கவனிக்காமல் போவது. ஒவ்வொரு மாணவரும் நோட்டில் தன் தவறுகளுக்கு வகை எழுதி வந்தால், ஒரு மாதத்தில் அவரவர் வழக்கமாக விழும் குழி எது என்று அவரவருக்கே தெரிந்துவிடும். 'உத்தி சொல்லுங்கோ' என்று கேட்கிறார்களே, இதைவிட நல்ல உத்தி என்னிடம் இல்லை.

சரி, சொற்களுக்கு வருவோம். சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தேர்வுக்கு ஏறத்தாழ 4,500 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, அதில் பாதியோடு போய் உட்கார முடியாது. ஆனால் அவர்கள் சொல் படிக்கும் விதத்தைப் பாருங்கள். அகரவரிசைப் புத்தகத்தில் முதல் சொல் 'அபாண்டன்', அதாவது கைவிடு. ஒவ்வொரு பருவமும் அந்த முதல் சொல்லோடு தொடங்கி அதன்படியே கைவிட்டுவிடுகிறோம் என்று அவர்களே ஜோக் அடித்துக்கொள்வார்கள். இல்லையென்றால் பைத்ஸிஜான் போன்ற செயலி, படத்தைப் பார்த்துச் சொல்லைத் தொட்டுக்கொண்டே போவது. இரண்டிலும் பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் தலையில் ஒட்டும். 'அட்ரஸ்' என்றால் முகவரி. பாசேஜில் அரசு ஒரு பிரச்சினையை 'அட்ரஸ்' செய்தது, அதாவது தீர்க்க முற்பட்டது, என்று வரும்போது, பிரச்சினைக்கு முகவரி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தெரியாத சொல்லாவது தெரியாது என்று தெரியும், இந்த மாதிரிச் சொல் தெரிந்ததுபோலவே ஏமாற்றும். தெரிந்த சொல், தெரியாத பொருள் என்ற இந்த வகைக்குச் சீனத் தேர்வு உலகத்தில் 'ஷூத்ஸு பியி' என்று பெயரே இருக்கிறது. அதை மட்டும் ஒரு பட்டியலாக வகுப்பே சேர்ந்து வளர்க்கட்டும், பழைய தாள்களிலிருந்து, அந்த வாக்கியத்தோடு சேர்த்து. துறைத் தலைவரிடமும் சொற்பட்டியல் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது: எளிய வாசிப்பு. துணையில்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள ஒரு உரையில் நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் காட்டினார்கள். நூறு சொல்லில் தெரியாதது இரண்டே இரண்டு. உங்கள் மாணவர்களுக்குத் தேர்வுப் பாசேஜ் அந்த நிலையில் இருக்காது, வெகு தூரம் மேலே இருக்கும். எப்போதும் அந்த உயரத்திலேயே வாசித்துக்கொண்டிருந்தால் வேகம் எப்படி வரும்? பத்துச் சொல்லுக்கு ஒருமுறை நிற்கும் கண்ணுக்கு வாக்கியத்தின் ஓட்டமே பழகாது.

சொற்களை மட்டாக வைத்துப் படிப்படியாகக் கடினம் கூட்டி எழுதிய படிநிலை வாசிப்பு நூல்கள் சீனப் புத்தகக் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். பலவற்றில் ஆங்கிலத்தோடு சீன மொழிபெயர்ப்பும் சேர்ந்தே இருக்கும், அங்கேதான் சிக்கல். கண் தானாகச் சீனத்துக்குத் தாவிவிடும். சீனப் பக்கத்தை ஒரு தாளால் மூடிக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது ஆங்கிலம் மட்டும் உள்ள பதிப்பாகப் பார்த்து நூலகத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்தாறுக்கு மேல் போனால் அந்தப் புத்தகம் வேண்டாம், ஒரு படி கீழே இறங்கட்டும்.

இறங்கச் சொன்னால் முகம் சுருங்கும். கல்லூரி மாணவன் கையில் குழந்தைப் புத்தகமா என்று 'மியன்ஸு' குறுக்கே நிற்கும், நம் ஊர் மானப் பிரச்சினைதான். அதனால் 'எளிய நூல்' என்ற பேச்சையே எடுக்காதீர்கள், 'வேகப் பயிற்சி' என்று சொல்லுங்கள். தினமும் இருபது நிமிடம். தொடங்கிய நேரம், முடித்த நேரம், பக்க எண், இந்த மூன்றையும் வகுப்பின் வீசாட் (அலைபேசிச் செய்திச் செயலி) குழுவில் போட்டால் போதும். கதைச் சுருக்கம், கருத்துரை என்று எதையும் கேட்டுவிடாதீர்கள். கேட்ட மறுநாளே யாராவது ஒருவர் எழுத, மீதிப் பேர் நகலெடுப்பார்கள். அக்டோபர் முதல் வாரத்துத் தேசிய தின விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு மெல்லிய புத்தகம் கொடுத்தனுப்புங்கள். நீண்ட ரயில் பயணம் இதற்கு நல்ல இடம்.

காலை நேரத்தில் ஏரிக்கரையிலும் மரத்தடியிலும் நின்று உரக்கப் படிக்கும் 'ஸாவ்து' பழக்கத்தை உங்கள் வளாகத்திலும் பார்த்திருப்பீர்கள். அதைக் கெடுக்க வேண்டாம். எழுத்துக்கும் ஓசைக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தளர்ந்தே இருக்கும், சொல்லை எழுத்தெழுத்தாகப் படம் பிடித்து வைத்திருப்பார்கள். உரக்கப் படிப்பது அதற்கு மருந்து. ஆனால் ஏற்கெனவே புரிந்த பாசேஜை மட்டும் உரக்கப் படிக்கட்டும், எங்கே மூச்சு விடுவது என்று சாய்கோடு போட்டுக்கொண்டு. புதியதை மௌனமாகவே வாசிக்க வேண்டும். எப்போதும் உதடு அசைந்துகொண்டிருந்தால் பேச்சின் வேகத்துக்கு மேல் வாசிப்பு போகாது.

அலைபேசியில் பாசேஜைப் படம் பிடித்தால் நொடியில் சீனமாகிவிடும் காலம் இது. தடை போட்டால் மேஜைக்கு அடியில் நடக்கும். முதல் வாசிப்பு முடியும்வரை அலைபேசி கவிழ்ந்தே இருக்க வேண்டும், அப்புறம் ஒரு பாசேஜுக்கு மூன்று சொல் மட்டும் பார்க்கலாம் என்று வையுங்கள். எந்த மூன்று என்று தேர்ந்தெடுப்பதிலேயே நல்ல பயிற்சி இருக்கிறது.

நேரம் போதவில்லை என்பது வெறும் சாக்கு அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாசிப்புக்கு 40 நிமிடம். சொற்களைத் தேர்ந்து கோடிட்ட இடம் நிரப்பும் முதல் பகுதி இருநூற்றுச் சொச்சம் சொல், கூற்றுகளை உரிய பத்தியோடு பொருத்தும் நீண்ட பாசேஜ் ஆயிரம் சொல் அளவில், கடைசியில் முந்நூற்றுச் சொச்சம் சொல்லில் இரண்டு பாசேஜ்கள். எல்லாம் சேர்ந்து 1,900 சொல் பக்கம் வரும். இந்த நிலைக்குப் பாடத்திட்டம் எதிர்பார்த்த அடிப்படை வேகம் நிமிடத்துக்கு 70 சொல். அந்த வேகத்தில் ஒருமுறை வாசிக்கவே 27 நிமிடம் ஓடிவிடும். மிச்சம் பதின்மூன்று நிமிடத்தில் முப்பது கேள்வி! நிமிடத்துக்கு 100 சொல் வந்துவிட்டால் வாசிப்பு 19 நிமிடத்தில் முடியும், மூச்சு விடலாம். மேலே சொன்ன இருபது நிமிடப் பயிற்சி எதற்கென்று மாணவர்களுக்கு இந்தக் கணக்கையே பலகையில் போட்டுக் காட்டுங்கள். தேர்வு என்றால் காது கொடுப்பார்கள்.

எதை முதலில் செய்வது என்பதிலும் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். மொத்தம் 710-இல் வாசிப்புக்கு 248.5. அதில் கோடிட்ட இடம் ஒன்றுக்கு 3.55, பத்தி பொருத்தல் ஒன்றுக்கு 7.1, கடைசி இரண்டு பாசேஜ்களில் கேள்விக்கு 14.2. இறுதி மதிப்பெண் சமன்செய்யப்பட்டு வருவதால் இதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும், ஆனாலும் எடை எங்கே இருக்கிறது என்பது தெளிவு. தாளில் முதலில் அச்சாகியிருக்கிறது என்பதற்காகக் கோடிட்ட இடத்தோடு பதினைந்து நிமிடம் மல்லுக்கட்டுபவர், பத்தும் சரியாகப் போட்டாலும் 35.5தான். கடைசிப் பகுதியில் மூன்று கேள்வி அதைத் தாண்டிவிடும்.

ஆகவே கடைசிப் பகுதி முதலில், அடுத்து பத்தி பொருத்தல், கோடிட்ட இடம் கடைசியில். பத்தி பொருத்தலில் பத்து கூற்றுகளையும் முதலில் படித்து, பெயர், எண், ஆண்டு போன்ற மாறாதவற்றை வட்டமிட்டுக்கொண்டு பாசேஜுக்குள் போக வேண்டும். கூற்றுகள் பாசேஜின் வரிசையில் வராது, ஒரே பத்திக்கு இரண்டு கூற்றுகளும் அமையலாம். கோடிட்ட இடத்துக்கு, கொடுத்த பதினைந்து சொற்களையும் பெயர், வினை, பெயரடை, வினையடை என்று நான்காகப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வாசிப்பை அடுத்து வரும் மொழிபெயர்ப்புக்கு 106.5 மதிப்பெண் உண்டு, அதற்கான 30 நிமிடத்தை வாசிப்பு தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் இதையெல்லாம் நவம்பரில் சொல்லுங்கள். செப்டம்பரில் சொன்னால், இதுதான் அந்த உத்தி என்று பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

710-இல் 425 என்ற மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அது அடுத்த நிலைத் தேர்வான சி.இ.டி-6 எழுதுவதற்கான தகுதி எண். 2005 சீர்திருத்தத்துக்குப் பிறகு இந்தத் தேர்வில் தேர்ச்சி, தோல்வி என்ற சான்றிதழே இல்லை, மதிப்பெண் அறிக்கை மட்டும்தான். ஆனால் வேலைக்கு எடுப்பவர்கள் அதைத்தான் பாஸ் மார்க்காகப் பார்க்கிறார்கள். பட்டத்தோடு அதை இணைப்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஷிஆன் ஜியாவ்தோங் பல்கலைக்கழகம் 2023-இல் அந்த இணைப்பைக் கைவிட்டது. உங்கள் கல்லூரியின் விதி என்ன என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விதியே இல்லாத இடத்திலும் பட்டம் போய்விடும் என்று பயந்து நடுங்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

வகுப்பில் வாய் திறக்காதது ஆர்வமின்மை அல்ல. ஐம்பது பேர் முன்னால் தவறான விடை சொல்லி நிற்க யாருக்கும் மனம் வராது. தனியாக ஒருவரை எழுப்பாதீர்கள். இருவர் இருவராகப் பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விரல் காட்டட்டும்: முதல் விடைக்கு ஒரு விரல், இரண்டாவதுக்கு இரண்டு. விரல்கள் பிரிந்து நிற்கும் கேள்வியை மட்டும் எடுத்துப் பேசுங்கள். 'உன் விடை என்ன' என்பதைவிட 'எந்த வரி' என்று கேட்டால் பதில் வரும், ஏனென்றால் வரியைக் காட்டுவதில் அவ்வளவு மானக்கேடு இல்லை. நேரக் குறிப்புகளைத் திரட்டும் வேலையை வகுப்புத் தலைவரான 'பான்ஜாங்'கிடம் விட்டுவிடுங்கள். அந்தப் பொறுப்பை அங்கே வெகு தீவிரமாக எடுத்துக்கொள்வார்கள்.

துறைத் தலைவரோடு மோத வேண்டாம். அவருக்கு மேலே உள்ளவர் அவரிடம் எண் கேட்கிறார், அவர் உங்களிடம் கேட்கிறார். மாதிரித் தேர்வை மாதம் ஒன்றாக்கிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். நடுவில் வரும் வாரங்களுக்கு வகுப்பின் சராசரி வாசிப்பு வேகம், சரியான சான்று வரியோடு வந்த விடைகளின் விழுக்காடு என்று இரண்டு எண்களை அட்டவணையாகப் போட்டுக் கொடுங்கள். முதல் மாதத்தில் வேகம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும், மதிப்பெண் அதற்குப் பின்னால்தான் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

உங்கள் அரைகுறைச் சீனம் தடையில்லை. வகுப்பில் அவர்கள் சீனத்தில் எழுதட்டும், பேசட்டும். வாசித்தது புரிந்ததா என்று பார்க்க அதைவிட நேரான வழி கிடையாது, ஆங்கிலத்தில் கேட்டால் பாசேஜின் வரியையே திருப்பிச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் எழுதிய சீன வாக்கியம் சரியா, எங்கே பொருள் திரும்பியது என்று பார்க்கத்தான் ஆள் வேண்டும். துறையில் உள்ள சீன ஆசிரியர் ஒருவரை வாரம் ஒருமுறை கடைசி இருபது நிமிடத்துக்கு உங்கள் வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். பதிலுக்கு அவருடைய பேச்சு வகுப்பை நீங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னால், அநேகமாக மறுக்க மாட்டார்.